தலைப்புக்கு ஏற்ற முகம்

நிதியாண்டு மார்ச் மாதத்தோடு முடிந்துவிடும் என்ற ஒரே காரணத்தால்தான் ரமணன் வீட்டு பாம் ஷெல்டருக்குள் கேமரா நுழைந்தது.

தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் ரியாலிட்டி தொடருக்கென்று பணம் ஒதுக்கியிருந்தார்கள். மார்ச்சுக்குள் செலவழிக்காவிட்டால் அடுத்த ஆண்டு அந்தப் பணம் வராது. தொடர் எதைப் பற்றியது, யார் பார்ப்பதற்கு, அதற்கு என்ன பெயர் என்பதெல்லாம் முடிவாகவில்லை. முடிவாகட்டும் என்று காத்திருந்தால் மார்ச் போய்விடும். ஆகவே முதலில் ஐந்து குடும்பங்களைப் படம் பிடித்துவிடுவது, பெயரைப் பிறகு சாவகாசமாக வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தார்கள். பிள்ளை பிறந்த பிறகுதானே பெயர் வைக்கிறோம் என்று ஒரு மேலதிகாரி கூட்டத்தில் கேட்டாராம். பிறந்தது பிள்ளைதான் என்றாவது அங்கே தெரிந்திருக்கும் என்று யாரும் பதில் சொல்லவில்லை. அப்படிப் பதில் சொல்லக்கூடியவர்களை அந்த மாதிரிக் கூட்டங்களுக்குக் கூப்பிடுவது வழக்கமில்லை.

ரமணன் பூன் லே வட்டாரத்தில் குடியிருந்தான். பஸ் ஓட்டுவது வேலை. இந்த ஊரில் பஸ் ஓட்டுகிறவரை டிரைவர் என்று சொல்லக் கூடாது, கேப்டன் என்று சொல்ல வேண்டும். அவனுடைய மனைவி தாரணி அந்தச் சொல்லை வீட்டில் கிண்டலுக்கு மட்டும் வைத்திருந்தாள். 'கேப்டன், குப்பை கீழ போகணும்' என்பாள். ஒரே மகன் ராணுவ முகாமில் தேசிய சேவையில் இருந்தான். சனிக்கிழமைகளில் அழுக்குத் துணியோடு வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வெளுத்த துணியோடு போய்விடுவான். தொடரில் கலந்துகொள்ளக் குடும்பத்தைப் பதிவு செய்தது தாரணிதான். கலந்துகொள்ளும் குடும்பங்களுக்கு வீட்டுச் சுவரெல்லாம் சும்மா சாயம் பூசித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

ரியாலிட்டி தொடர் என்றால் அதில் ஒரு தனியறை இருக்க வேண்டும், ஒவ்வொருவராக உள்ளே போய் மனத்தில் கிடப்பதைக் கேமராவிடம் கொட்ட வேண்டும் என்பது உலக வழக்கம். அடுக்குமாடி வீட்டில் தனியறைக்கு எங்கே போவது? பாம் ஷெல்டர் இருந்தது. போர் மூண்டால் குடும்பம் உயிர் தப்பட்டும் என்று அரசாங்கம் தடித்த சுவரும் இரும்புக் கதவும் வைத்துக் கட்டிக் கொடுத்த சின்ன அறை. இதுவரை போர் மூளாததால் அதில் அரிசி மூட்டை, மகனின் பழைய சைக்கிள், முறுக்குக் குழல், ஓடாத மின்விசிறி ஆகியவை பத்திரமாக உயிர் தப்பியிருந்தன. அவற்றையெல்லாம் வெளியே எடுத்து, ஒரு முக்காலியும் விளக்கும் கேமராவும் வைத்தார்கள். வயர் போவதற்காகச் சுவரிலிருந்த காற்றுத் துளையின் இரும்பு மூடியைக் கழற்றினார்கள். துளை சமையலறைப் பக்கம் திறந்தது.

தயாரிப்பாளர் ரக்ஷனாவுக்கு வயது இருபத்தாறு. எல்லாரையும் அன்பாக அங்கிள் என்றும் ஆன்ட்டி என்றும் கூப்பிடுவாள், அழச் சொல்வாள்.

"ஜஸ்ட் பேசுங்க அங்கிள். டோர் க்ளோஸ் பண்ணிட்டா யாருக்கும் கேக்காது. இது பாம் ஷெல்டர் லா. பாம் போட்டாலே கேக்காது."

இரும்புக் கதவு மூடியது. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. ரமணனுக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. எத்தனையோ மாதங்களாக அவன் தனியாக ஒரு இடத்தில் சும்மா உட்கார்ந்ததில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எனக்கு பஸ் ஓட்டப் பயமா இருக்கு," என்றான்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். ஜூரோங் பக்கம் ஒரு மழைநாள். மின்சார ஸ்கூட்டரில் ஒரு தாத்தா சட்டென்று குறுக்கே வந்தார். ரமணன் பிரேக்கை அழுத்தினான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த ஒரு பெண்ணின் கையிலிருந்து கோழிச்சோற்றுப் பொட்டலம் விழுந்தது, அவ்வளவுதான். தாத்தா கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும், ஓரத்தில் நிற்கிற ஒவ்வொருவரும் இப்போது சாலையில் இறங்கிவிடுவார் என்று தோன்றியது. கால் நடுங்கியது. உள்ளங்கை வேர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. இரவெல்லாம் தூக்கத்தில் பிரேக் போட்டான். சொன்னால் வேலை போய்விடும். வேலைகூட வேறு கிடைக்கும். தாரணிக்குத் தெரிந்தால் அவளும் பயப்படுவாள், அதைத்தான் தாங்க முடியாது என்று சொல்லிவிட்டு அழுதான்.

கதவு திறந்தபோது ரக்ஷனாவின் கண்கள் பளபளத்தன. "சூப்பர் அங்கிள்," என்றாள்.

மறுநாள் ரமணன் அவளுக்குப் போன் போட்டு அதை அழித்துவிடச் சொன்னான்.

"டிலீட் பண்ண முடியாது அங்கிள், நிலையத்தோட ப்ராப்பர்ட்டி. பட் டோன்ட் வொர்ரி. எந்த கிளிப் வரும், எது வராதுங்கிறது டைட்டிலைப் பொறுத்தது. டைட்டிலுக்கு மேட்ச் ஆகலேன்னா வராது."

"என்ன டைட்டில்மா?"

"அதான் இன்னும் வைக்கலியே."

அந்தப் பதிலோடு ரமணனின் பழைய பயத்துக்கு ஒரு புதிய பயம் துணைக்கு வந்தது. பஸ்ஸில் ஒன்று, வீட்டில் ஒன்று. அந்த வாரத்திலிருந்து தாரணியும் எம்.ஆர்.டி. ரயிலை விட்டுவிட்டு அவனுடைய பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அவள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளர். ரயிலில் ஏர்கான் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். பஸ்ஸிலும் அதே குளிர்தான். ரமணன் அதை யோசிக்கும் நிலையில் இல்லை. அவள் அவனுக்கு நேர் பின்னால் இருக்கும் இருக்கையில் உட்கார்ந்துகொள்வாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு, பேசாமல்.

ஏப்ரலில் தலைப்புத் தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. குழுவில் பங்கேற்ற குடும்பங்களின் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. மற்ற நான்கு குடும்பத்தாருக்கும் செவ்வாய்க்கிழமை வேலை. ரமணனுக்குச் செவ்வாய் விடுப்பு. இப்படித்தான் அவன் சமூகப் பிரதிநிதி ஆனான்.

நிலையத்தின் அறைகளிலெல்லாம் வேறு நிகழ்ச்சிகளின் தலைப்புக் குழுக்கள் உட்கார்ந்திருந்தன. ஆகவே ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் அறை பிடித்திருந்தார்கள். கீழேயிருந்து பிரியாணி மணம் வந்துகொண்டே இருந்தது. குழுவின் தலைவர் ரகுபதி, நிகழ்ச்சிப் பிரிவுக்கே தலைவர். மொழி ஆலோசகர் சேக் தாவூது, ஓய்வு பெற்ற தமிழாசிரியர். விளம்பரதாரர் சார்பில் பரீதா. அவருடைய நிறுவனம் மெத்தை விற்றது. ரக்ஷனா மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.

ரகுபதி எழுந்து நின்று பேசினார். ஐந்து பேர் இருக்கும் அறையிலும் அவர் எழுந்து நின்றுதான் பேசுவார்.

"அன்பர்களே, தலைப்பு என்பது நிகழ்ச்சியின் நெற்றி. நெற்றியைப் பார்த்துத்தான் மக்கள் உள்ளே வருகிறார்கள். நம் தலைப்பு துணிச்சலாக இருக்க வேண்டும், ஆனால் யாரும் ஆட்சேபிக்கக் கூடாது. புதிதாக இருக்க வேண்டும், ஆனால் முன்பே எங்காவது வெற்றி பெற்றிருக்க வேண்டும். தூய தமிழில் இருக்க வேண்டும், தமிழ் தெரியாத இளையருக்கும் உடனே புரிய வேண்டும். நாங்கள் எங்கள் கருத்தைத் திணிப்பதில்லை. எங்களிடம் கருத்து கிடையாது. உங்கள் கருத்தைக் கேட்போம். எந்தக் கருத்தை யார் சொன்னார் என்று கவனமாகக் குறித்தும் வைப்போம். நாளை புகார் வந்தால் அந்தப் பெருமை உரியவருக்குப் போய்ச் சேர வேண்டுமல்லவா?"

எல்லாரும் கைதட்டினார்கள். ரமணனும் தட்டினான். 

ரக்ஷனா திரையில் முதல் தலைப்பைக் காட்டினாள்: 'இரும்புக் கதவுக்குள்ளே'. பின்னணியில் ரமணன் வீட்டு பாம் ஷெல்டர் கதவு. அதில் தாரணி ஒட்டிவைத்த மாம்பழக் காந்தம்கூடத் தெரிந்தது.

"வாவ்," என்றார் பரீதா. "கேக்கும்போதே உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கணும்போல இருக்கு. உள்ள ஒரு மெத்தை போடலாம்."

"இரும்புக் கதவு, பழந்தமிழரின் கோட்டை மரபை நினைவூட்டுகிறது," என்றார் சேக் தாவூது.

ரகுபதி தலையசைக்க ஆரம்பித்தார். அது முழுத் தலையசைப்பாக முடிவதற்குள் ரமணன் பேசிவிட்டான். என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினான்.

"இரும்புக் கதவுன்னா ஜெயில் மாதிரி இருக்கு சார். உள்ள இருந்துட்டு வந்தவங்க பாத்தா மனசு கஷ்டப்படும்."

 ரகுபதி பாதித் தலையசைப்பை நிறுத்தி அவனை மரியாதையோடு பார்த்தார்.

"இதற்காகத்தான் சமூகப் பிரதிநிதி," என்றார். "இது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமலே ஒளிபரப்பியிருப்போம். நினைத்தாலே கையெல்லாம் சில்லிடுகிறது."

தலைப்பு நீக்கப்பட்டது. பிரியாணி வந்தது. ரமணனால் சாப்பிட முடியவில்லை. ஆனால் அவனுக்கு ஒன்று புரிந்துவிட்டது. இந்த அறையில் நல்லது, கெட்டது, அழகு, பொருத்தம் எதுவும் செல்லுபடியாகாது. பயம் ஒன்றுதான் செல்லும். யார் முதலில் பயப்படுகிறாரோ அவர் ஜெயிப்பார். பயத்தில் ரமணனோடு போட்டி போட இந்த ஊரிலேயே ஆள் கிடையாது.

அடுத்த செவ்வாய் 'மனம் திறந்து' வந்தது. இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தப்பாக நினைப்பார்கள் என்றான் ரமணன். நீக்கினார்கள். அதற்கடுத்து 'யாரிடமும் சொல்லாதே'. மோசடிப் பேர்வழிகள் போனில் இதைத்தானே சொல்கிறார்கள், போலீஸ் விளம்பரமெல்லாம் போட்டு எச்சரிக்கும்போது நாமே இப்படிச் சொல்லலாமா என்று கேட்டான். ரகுபதி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். 'கண்ணீர் நேரம்' என்றபோது கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் என்றான். அவ்வளவுதான், மேற்கொண்டு விளக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

அவனே ஒரு தலைப்பைக் கொடுத்துப் பார்த்தான். 'நம்ம வீட்டுச் சமையல்'. சமையல் என்று வைத்துவிட்டால் சமையல் படங்கள் மட்டும் வரும், ஷெல்டர் வராது.

"கிச்சன்ல மெத்தை போட முடியாதே," என்று பரீதா பயந்தார்.

"'நம்ம' என்பது பேச்சு வழக்கு. மாணவர்கள் தேர்வில் எழுதிவிடுவார்கள்," என்று சேக் தாவூது பயந்தார்.

"சமைப்பது யார்? ஆணா, பெண்ணா? எதைச் சொன்னாலும் எனக்குக் கடிதம் வரும்," என்று ரகுபதி பயந்தார்.

இப்படியே மே போனது, ஜூன் போனது. பகலில் பஸ்ஸிலும் செவ்வாய்தோறும் ஃபேரர் பார்க்கிலும் ரமணன் ஓயாமல் பிரேக் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு எடை குறைந்தது. தாரணி காலையில் கோப்பி கலக்கும்போது அவனையே பார்ப்பாள். "மீட்டிங்ல என்னதான் பண்றீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பேர் வைக்கிறோம்."

"நம்ம புள்ளைக்கு அஞ்சு நிமிஷத்துல வெச்சோம்," என்றாள் தாரணி.

ஆகஸ்டில் மேலிடம் விழித்துக்கொண்டது. ஒளிபரப்புக்கு நேரம் ஒதுக்கியாகிவிட்டது, தலைப்பு எங்கே என்று ரகுபதியைக் கேட்டார்கள். ரகுபதி பயந்துபோய், இந்த மாதிரிச் சமயங்களில் செய்ய வேண்டியதைச் செய்தார். வெளியிலிருந்து ஒரு நிபுணரைப் பிடித்தார். தவறு நேர்ந்தால் அது வெளியே இருக்கும்.

நிபுணரின் பெயர் அதீஃப். வெள்ளைக் காலணி போட்டிருந்தார். விரலில் மாட்டும் ஒரு கிளிப்பையும் அதோடு இணைந்த ஒரு கைக்கணினியையும் வைத்திருந்தார்.

"மூளை பொய் சொல்லும். வாய் அதைவிடப் பெரிய பொய் சொல்லும். நாடி மட்டும் சொல்லாது," என்றார். "தலைப்பை வாசிப்போம். யாருடைய நாடி எகிறுதோ அதுதான் மனசைப் பிடிக்கிற தலைப்பு. எனக்குத் தமிழ் அவ்வளவா வாசிக்க வராது. அது ரொம்ப நல்லது. நடுநிலைமை கெடாது."

சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா சந்தை வாசலில் நடந்தது. ரமணன் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்தான். போகாமலிருந்தால் தன் முதுகுக்குப் பின்னால் என்ன பெயர் வைத்துவிடுவார்களோ என்ற பயம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, குடை. முதல் கால் மணி நேரம் யாரும் வரவில்லை. பிறகு மீன் வாங்கிவந்த பாப்பம்மாள் என்ற அம்மாள் கிளிப்பைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ப்ரெஷர் பாக்கிறீங்களா தம்பி? ஃப்ரீயா?"

அதீஃப் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் மீன் பையை மேசைமேல் வைத்து, விரலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து இரண்டு பேர் நின்றார்கள். மூன்று பேர் நின்றால் அது வரிசை. வரிசையைக் கண்டபிறகு இந்த ஊரில் யாரால் சும்மா போக முடியும்? கொஞ்ச நேரத்தில் அது பழக்கடைவரை போய்விட்டது. சிலர் வீட்டுக்குப் போன் போட்டு மாமனார்களை வரவழைத்தார்கள். ரக்ஷனா ஒவ்வொரு தலைப்பாக வாசித்தாள். உட்கார்ந்தவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும்மா, எனக்கு எவ்வளவு காட்டுது?" என்று கேட்டார்கள். எந்தத் தலைப்புக்கும் எவருடைய நாடியும் அசையவில்லை. எண்ணைச் சொன்னபோதுதான் எகிறியது.

நண்பகலில் அதீஃபின் முகம் வெளிறியிருந்தது. அவருக்கும் ஒரு மேலிடம் இருக்கும்போல. சுற்றிலும் பார்த்தார். ரமணன் கண்ணில் பட்டான்.

"சமூகப் பிரதிநிதின்னா இவர் மொத்த சமூகத்துக்கும் சமம்தானே?"

"கொள்கை அளவில் அப்படித்தான்," என்றார் ரகுபதி.

ரமணனின் விரலில் கிளிப்பை மாட்டினார்கள். அவன் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே என்று பயந்தான்.

"வீடும் வாசலும்," என்று வாசித்தாள் ரக்ஷனா. கோடு நேராகப் போனது. "சிரித்த முகம்." நேராகப் போனது. "இரும்புக் கதவுக்குள்ளே." ரமணனின் நெஞ்சு திக்கென்றது. கோடு மேலே ஏறி இறங்கியது. கூட்டம் எட்டிப் பார்த்தது. "யாரிடமும் சொல்லாதே." இன்னும் மேலே. அவன் மூச்சை அடக்கினான். அடக்கியதால் மேலும் அதிகமானது. கடைசியாக ரக்ஷனா, பட்டியலில் யாரோ எப்போதோ சேர்த்துவிட்டு மறந்துபோன ஒற்றைச் சொல்லை வாசித்தாள்.

"பயம்."

இயந்திரம் கீச்கீச்சென்று அலறியது. பாப்பம்மாள் இன்னும் அங்கேயே நின்றிருந்தார். "அய்யோ, இவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க," என்றார். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

அதீஃப் ரமணனின் தோளைத் தட்டினார். "சார், உங்களுக்கு இந்தத் தலைப்பு எவ்வளவு பிடிச்சிருக்கு பாருங்க."

"ஃபர்ஸ்ட் எபிசோடே உங்க ஷெல்டர் கிளிப்தான் அங்கிள்," என்று ரக்ஷனா மகிழ்ச்சியோடு அவன் காதில் சொன்னாள். "வேற யாருமே பயந்த ஷாட் இல்ல. நீங்கதான் ஸ்டார்."

ரமணன் டோபி காட் ரயில் நிலையத்தில் வண்டி மாறினான் என்பது அவனுக்கே வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். தொடர் வரும். தாரணி சோபாவில் உட்கார்ந்து பார்ப்பாள். டெப்போவில் எல்லாரும் பார்ப்பார்கள். காலையில் பஸ் ஏறுகிறவர்கள் பயண அட்டையைத் தட்டும்போது அவன் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். எழுந்துபோய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தான். சமையலறையில் தாரணி நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை கடைசிக் கூட்டம். 'பயம்' என்ற சொல் திரை முழுக்க நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க ரகுபதிக்கு வேர்த்தது.

"இது எதிர்மறையாக இருக்கிறதே. நாம் ஏன் மக்களைப் பயமுறுத்துகிறோம் என்று மேலிடம் கேட்டால் நான் என்ன சொல்வேன்? நான் இருபத்தோரு ஆண்டுகளாக இந்த நிலையத்தில் ஒரு முடிவும் எடுக்காமல் நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன்."

"பயந்தவங்களுக்கு மெத்தையில தூக்கம் வராது," என்றார் பரீதா. "எங்க மெத்தைல படுத்தும் தூக்கம் வரலேன்னு ஆயிடும்."

"நான் தேர்ந்தெடுத்த சொல்லை மாத்தக் கூடாது. ஒப்பந்தத்துல இருக்கு," என்றார் அதீஃப். "கூடச் சேக்கலாம்."

சேக் தாவூது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியானால் 'இல்லை' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடுவோமே. பயமில்லை. சொல்லும் இருக்கும், பயமும் போய்விடும்."

 ரகுபதி உடனே எழுந்து நின்றார். "எங்கள் வீட்டில் பயமில்லை," என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "துணிச்சலாக இருக்கிறது. யாரும் ஆட்சேபிக்க முடியாது. பயமில்லை என்பதை ஆட்சேபிக்கிறவர், தனக்குப் பயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எவர் ஒப்புக்கொள்வார்?"

ரமணன் மெதுவாகக் கையைத் தூக்கினான். "அப்ப பயமா இருக்குன்னு பேசினதெல்லாம்..."

"தலைப்புக்குப் பொருந்தாது. நம் தொடரில் பயந்தவர்களே கிடையாது," என்றார் ரகுபதி.

ரமணன் இரண்டு கைகளையும் தூக்கித் தலைப்பை ஆதரித்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தப் பிரியாணியைச் சாப்பிட்டான். நன்றாகவே இருந்தது.

தொடர் வந்தது. ரமணன் வீட்டிலிருந்து தோசை சுடுவதும் மகன் துணி மடிப்பதும் மட்டும் வந்தன. மகன் அதுவரை துணி மடித்ததே இல்லை. ரமணன் நிம்மதியாக மூச்சு விட்டான். அந்த நிம்மதி ஒரு வாரம் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலையில் டெப்போவில் அவனுக்கென்று ஒதுக்கியிருந்த பஸ்ஸைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸின் பக்கவாட்டில் முன்னாலிருந்து பின்னால்வரை அவனுடைய முகம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் மெத்தை. மேலே ஆளுயர எழுத்தில், 'எங்கள் வீட்டில் பயமில்லை'.

பேசியதைத்தான் வெட்டியிருந்தார்கள். முகம் நிலையத்தின் சொத்து. ஷெல்டரில் எடுத்த முகம். கண்கள் பிதுங்கித் திறந்திருந்தன. உதடு காய்ந்திருந்தது. மேலுதட்டில் வியர்வை முத்துமுத்தாக நின்றது. ஒரு கன்னத்தில் ஈரம்.

"என்னா தைரியம் பாரு மூஞ்சில," என்றார் ஒரு டிரைவர்.

"கண்ணைப் பாரு, சிங்கம் லா," என்றார் இன்னொருவர்.

ரமணன் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு பூன் லே பஸ் இன்டர்சேஞ்சுக்கு வந்தபோது தாரணி வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தாள். அவள் ஏறவில்லை. நடந்துபோய் அந்த முகத்தின் முன்னால் நின்றாள். ரமணன் இறங்கி அவளருகே போனான்.

"இந்தப் படத்துல நீங்க எவ்வளவு பயந்துபோய் இருக்கீங்கன்னு ஒருத்தருக்குமா தெரியல?" என்றாள்.

ரமணன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"அன்னிக்கு நான் கிச்சன்ல கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தேன். வயர் போறதுக்கு மூடியைக் கழட்டினாங்கல்ல. பாம் போட்டாலும் கேக்காதுன்னு அந்தப் பொண்ணு சொன்னது மொதக்கொண்டு கேட்டுச்சு."

"எல்லாமா?"

"எல்லாமும்தான். அதான் தினம் இதுல வர்றேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீங்க பிரேக் போடுறப்பல்லாம் நானும் காலை அழுத்துறேன். செருப்பு தேஞ்சுபோச்சு பாருங்க."

பார்த்தான். வலது செருப்பின் முன்பக்கம் உண்மையிலேயே தேய்ந்திருந்தது. வெட்கமாக இருந்தது அவனுக்கு. அதற்குப் பின்னாலேயே, எத்தனையோ மாதமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த ஒன்றை யாரோ ஒரு பக்கம் பிடித்துக்கொண்ட மாதிரியும் இருந்தது. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இன்டர்சேஞ்சில் அதெல்லாம் முடியாது.

"வாங்க, ஆபீஸ்ல சொல்லிடலாம்," என்றாள் தாரணி. "வேற வேலை குடுப்பாங்க. இல்ல, டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. எதுவா இருந்தாலும் பரவால்ல."

மேற்பார்வையாளர் மருதப்பன் இன்டர்சேஞ்ச் ஆபீஸின் கண்ணாடி அறைக்குள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். ரமணன் நின்றுகொண்டே சொல்லி முடித்தான். பஸ் ஓட்டப் பயமாக இருக்கிறது, கொஞ்ச காலத்துக்கு வேறு வேலை வேண்டும். சொன்னபோது குரல் நடுங்கவில்லை. இத்தனை நாள் எதற்குப் பயந்தோம் என்றுகூட நினைத்தான்.

மருதப்பன் சிரித்தார். "காலங்காத்தால கேலி பண்ணாதீங்க லா."

"உண்மையாத்தான் சார்."

"நாளைக்குப் புது ஆளுங்களுக்கு நீங்கதான் பேசணும்னு மேல இருந்து மெசேஜ் வந்திருக்கு. பயமில்லாம ஓட்டுறது எப்படின்னு." ஜன்னல் வழியாக பஸ்ஸைக் காட்டினார். "அது நீங்கதானே?"

"மூஞ்சியை நல்லாப் பாருங்க சார்," என்றாள் தாரணி.

மருதப்பன் பார்த்தார். இந்த முறை கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிப்பு மெல்லப் போய்விட்டது. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"தெரியுதும்மா. ஆனா நான் என்ன பண்ணுவேன்? டிவிக்காரங்க பயமில்லைங்கிறாங்க, மெத்தைக்காரங்க பயமில்லைங்கிறாங்க, நம்ம கம்பெனி இடம் குடுத்து ஒட்டியிருக்கு. இவர் பயமா இருக்குன்னு நான் எழுதி அனுப்பினா அவ்வளவு பேரும் பொய் சொல்றாங்கன்னு நான் சொன்ன மாதிரி ஆயிடாதா? எனக்கு அந்த தைரியம் இல்லம்மா. ரமணன், இந்த விளம்பரம் வருஷக் கடைசிவரைக்கும்தான். பிச்சு எடுத்தப்புறம் வாங்க. உடனே செஞ்சிடலாம்."

பஸ் கிளம்ப வேண்டிய நேரம் ஆகிவிட்டது. வெளியே வரிசை நீண்டிருந்தது. ரமணன் ஏறி உட்கார்ந்தான். தாரணி அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவாப் போங்க," என்று மட்டும் சொன்னாள்.

முதல் நிறுத்தம் தெரிந்தது. அங்கே நின்றவர்கள் பஸ்ஸைப் பார்த்துவிட்டார்கள். ஒருவர் கையை நீட்டிக் காட்டினார். பிறகு எல்லாரும் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அந்த முகம் முழுதாகப் படத்தில் விழ வேண்டுமே என்று நடைபாதையிலிருந்து சாலையில் இறங்கினார்கள்.

ரமணன் பிரேக்கை அழுத்தினான். பின்னால் தாரணியின் செருப்பு தரையில் அழுந்தும் சத்தம் கேட்டது.